ஆறு வருடப் புதியவர்

எங்கள் சபையை மூடுவதற்கான கடிதத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூடுவது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இணைப்பு என்பார்கள். நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய சபையோடு எங்களை இணைத்துவிடுவார்களாம். இணைந்த பிறகு எங்கள் ஆலயத்தைப் பூட்டி, சாவியைத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். இதற்குப் பெயர் இணைப்பு என்றால் இறப்புச் சான்றிதழை இனிமேல் இடமாற்றச் சான்றிதழ் என்று அழைக்கலாம். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், மந்திரியே வந்து நின்றாலும் சரி.

நானூறு பேர் உட்காரும் ஆலயத்தில் ஞாயிறு காலையில் முப்பத்து நான்கு பேர் உட்காருகிறோம். அதுவும் சேர்ந்து உட்கார மாட்டோம். அவரவர் அப்பா உட்கார்ந்த பெஞ்சில்தான் அவரவர். போதகர் இந்த மூலையில் ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாக்கியம் முடிந்துபோகும். ஐம்பத்தேழு வயதான என்னைப் போன வருடம் இளைஞர் ஐக்கியத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எனக்குக் கீழே வயதில் வேறு யாரும் இல்லையாம். அன்றைக்கு வந்த கோபம் தணிய மூன்று வாரம் ஆனது.

சபைக்கு எதிர்காலம் வேண்டும் என்பதற்காகவே எங்களிடம் ஒரு குழு இருக்கிறது. பெயர் வளர்ச்சிக் குழு. எட்டு வருடமாக மாதம் ஒரு முறை கூடுகிறோம். தலைவர் ஒரு பல் டாக்டர். யார் பேசினாலும் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார், காது கொடுக்கிறாரா என்பது சந்தேகம்தான். ஆர்கன் வாசிக்கும் டீச்சர் ஒருவர். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் பெரியவர் ஒருவர். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் வரவேற்பு மாமா. எங்களையும் சேர்த்து மூன்று சபைகளுக்கு ஒரே போதகர். என் மகள் வயதுதான் அவருக்கு. அடுத்த சபைக்கு ஓட வேண்டிய அவசரத்தில் கூட்டம் முடியும் வரைக்கும் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருப்பார். ஐந்தாவது ஆள், குறிப்பு எழுதும் செயலாளர், நான். நாங்கள் ஐவரும் கூடிப் பேசிப் பாட்டு வரிகளைக் காட்டும் திரை வாங்கினோம். கிடார் வாங்கினோம், வாசிக்க ஆள் வரவில்லை. தெருவைப் பார்த்து விளக்குப் பலகை வைத்தோம், அதைப் பார்த்து வந்தவை பூச்சிகள்.

இதையெல்லாம் ஒருமுறை என் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், ஆலயப் பக்கம் போவதில்லை. "உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கைம்மா, மனுஷங்க இல்ல" என்று சொல்லிவிட்டாள். பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொன்னேன். அதிலிருந்து இரண்டு வருடமாகப் பேரனின் காய்ச்சல், அங்கே மழையா வெயிலா, இதைத் தாண்டி நாங்கள் எதுவும் பேசிக்கொள்வதில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் டாக்டர் ஆராதனை நடுவே எழுந்து நின்று இணைப்பு பற்றி அறிவித்தார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும், திங்கட்கிழமை கடிதம் போய்விடும். நான் எதிர்க்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஆண்டவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவருடைய ஆட்கள் மேல்தான். கடிதத்தை அழகாக எழுதி முடித்துவிட்டேன். கூடவே ஆலயத்தில் இருக்கும் பொருள்களின் பட்டியலும் வைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. அதற்காகச் சனிக்கிழமை காலையில் போதகர் அறையில் இருந்த பெரிய அலமாரியைத் திறந்தேன்.

மேல் தட்டில் கிழிந்த பாட்டுப் புத்தகங்கள். நடுத் தட்டில் அந்தக் கிடார். கீழ்த் தட்டு முழுக்க அட்டைக் கட்டுகள். ரப்பர் பேண்ட் போட்டு, மேலே மாதமும் வருடமும் எழுதிய சின்னத் துண்டு சொருகி, வரிசை கலையாமல் அடுக்கியிருந்தது. எல்லாம் வருகை அட்டைகள். புதிதாக வருகிறவர்களுக்கு வாசலில் கொடுப்பதற்காக வளர்ச்சிக் குழு முதல் வருடமே அச்சடித்தது. அதில் இருந்த கேள்விகளை எழுதியவளே நான்தான். பெயர், முகவரி, தொழில். உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்து உங்களைச் சந்திக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

புதிதாக யாரும் வருவதில்லை என்றுதான் நாங்கள் எட்டு வருடமாக அழுதுகொண்டிருக்கிறோம். அப்படியானால் இவ்வளவு அட்டை எங்கிருந்து வந்தது? ஒரு கட்டை அவிழ்த்தேன். நாலு அட்டை, நாலும் ஒரே கையெழுத்து. அடுத்த கட்டு, அதே கையெழுத்து. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்தேன். வழி தவறி வந்தவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று ஒரு இருபது முப்பது அட்டை கழிந்தது. மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்றும் ஒரே பெண்மணி எழுதியவை. ஆறு வருடம், வாரம் ஒன்று.

முதல் அட்டையில் இப்படி இருந்தது: 'ஞானஸ்நானம் எடுக்க விருப்பம். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும்.' இரண்டாவதிலும் அதுவே. ஐந்தாவதில், 'போன வாரமும் எழுதியிருந்தேன்.' பிறகு சில மாதங்களுக்கு, 'ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன்.' போகப் போக எழுத்து குறைந்து, கடைசி இரண்டு வருடமாகப் பெயர், முகவரி, தொழில் தவிர எதுவும் எழுதவில்லை. வீட்டுக்கு வரலாமா என்ற கேள்விக்கு நேராக மட்டும் ஒவ்வொரு வாரமும் 'ஆம்' கட்டத்தில் ஒரு டிக். ஐந்து வாரத்துக்கு முந்திய அட்டையில் அந்த டிக்கும் இல்லை. 'இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றி' என்று எழுதியிருந்தது.

ஐந்து வாரமாகக் கடைசி பெஞ்ச் காலியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது, யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்காருவார், ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டுமான திருவிருந்து ஆரம்பிக்கும்போது எழுந்து போய்விடுவார். ஆர்கன் டீச்சரின் நாத்தனார் என்று நான் நினைத்திருந்தேன். பிறகு விசாரித்தபோது டீச்சர் அவரை டாக்டரின் கம்பவுண்டர் மனைவி என்று நினைத்திருந்தாராம். டாக்டர் நினைத்தது இன்னும் மோசம். பெரிய சபை எங்களை வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்தாராம்.

அங்கிருந்தே வரவேற்பு மாமாவுக்குப் போன் போட்டேன். வாராவாரம் ஒரே ஆளுக்கு எதற்கு அட்டை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எல்லோருக்கும் அட்டை கொடுக்க வேண்டும் என்பதுதானே குழுவின் தீர்மானம் என்றார். அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை. ஆகவே அட்டை. டிப்போவில் காலி பஸ் போனாலும் நேரத்தைக் குறித்து வைத்த மனிதர் அவர்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா மாமா?"

"சேர்த்து வைக்கிறதுதாம்மா என் வேலை. ஒரு வாரம் விடல, பார்த்தீங்களா? படிக்கிறது பாஸ்டர் வேலை இல்லையா?"

போதகருக்குப் போன் போட்டேன். அது செயலாளர் வேலை என்று தனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான். பெயர், முகவரி, தொழில் எல்லாம் பிசகாமல் நிரப்பிய இருநூற்றுத் தொண்ணூற்றொரு படிவம் நான் குறிப்பு எழுதும் மேசையிலிருந்து எட்டடி தூரத்தில் ஆறு வருடமாகக் கிடந்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. என் மேலேயே படுவதற்கு எனக்குப் பழக்கம் போதாது.

தொழில் என்ற இடத்தில் பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவு என்று எழுதியிருந்தது. மதியம் நேராக அங்கே போனேன். கட்டடத்தின் பின்பக்கம், அடித்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. சுவரோரமாக ஆள் உயரத்துக்கு நாலு இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் நீள மேசை, அதன் மேல் காய்ந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. அந்த அம்மா மேசை ஓரத்தில் தனியாக நின்று விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். நீல நிற வேலை உடுப்பில் அவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஐம்பது வயது இருக்கும்.

என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளை என் பக்கம் நீட்டினார். அதை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, ஜோடி வேலை செய்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே தூக்கும்போது நான் கீழே இழுத்தேன், அவர் இடது பக்கம் மடித்தபோது நான் வலது பக்கம் மடித்தேன். மூன்றாவது விரிப்பில்தான் கொஞ்சம் ஒழுங்கானது.

அட்டைகளை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றும், யாருமே படிக்கவில்லை என்றும், என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும்போதுகூட என் குரல் சண்டை போடுவது மாதிரிதான் இருக்கும், அது என் ராசி. அவர் கேட்டுக்கொண்டே மடித்தார்.

"யாருமே படிக்கலையா?" என்று திருப்பிக் கேட்டார். "நான் வேற மாதிரி நினைச்சேன். வாராவாரம் எழுதணும், விடாம எழுதுறாங்களான்னு பார்த்துட்டுத்தான் சேர்ப்பாங்கன்னு நினைச்சேன். அதான் காய்ச்சல்லகூட வந்து எழுதிக் குடுத்தேன்."

யாரிடமாவது நேரில் கேட்டிருக்கலாமே என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எழுதிக் குடுங்க, வீட்டுக்கு வர்றோம்னு நீங்கதானேக்கா மைக்குல சொல்லுவீங்க. அப்புறம் நேர்ல வந்து நச்சரிச்சா நல்லா இருக்குமா?" அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆராதனை முடிஞ்சு போய் வீட்டைக் கூட்டுவேன். பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கிப் போட்டு வைப்பேன். ஏழு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுவேன். பக்கத்து வீட்டம்மா மொதல்ல யாரு வர்றாங்கன்னு கேப்பாங்க. அப்புறம் அவங்களும் கேக்கறதை விட்டுட்டாங்க."

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அவர் போய்க் கதவைத் திறந்து ஈரத் துணியை வண்டியில் இழுத்துப் போட்டார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. முப்பத்தொரு வருடமாக அலுவலகத்தில் பிறர் அழுவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

ஐந்து வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்டேன். எழுதி எழுதிக் கை வலித்துப் போனதா?

"மூடப் போறோம்னு டாக்டர் ஐயா சொன்னாருல்ல? அதுக்கப்புறமும் ஒரு வாரம் வந்தேன். மூடப் போற வீட்டுல இடம் கேட்டு என்ன பண்றது?"

நாளைக்கு எங்கள் குழுவை வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று கேட்டேன். அவர் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். எத்தனை பேர் என்றார். ஐந்து பேர் என்றேன். ஐந்து நாற்காலி கிடைக்காது என்றார். தரையில் உட்காருகிறோம் என்றேன். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர் எப்படித் தரையில் உட்காருவீர்கள் என்று கேட்டார். என் முழங்கால் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு கூடியது. நான் அட்டைக் கட்டுகளை மேசையில் கொட்டி, நடந்ததைச் சொன்னேன். முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் வாசித்துக் காட்டினேன். இவர்கள் இப்போது ஏதாவது உருப்படியாகச் சொல்வார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன், முட்டாள்.

வரவேற்பு மாமா, தன் வேலையில் ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை என்பதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆர்கன் டீச்சர், அட்டையில் 'இது உங்கள் எத்தனையாவது வருகை' என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்றார். டாக்டருக்கு அந்த யோசனை பிடித்துப்போய்விட்டது. அட்டையைத் திருத்தி அமைக்க ஒரு துணைக்குழு போடலாமா என்று கேட்டார். சபையை மூடுவதற்கு ஓட்டுப் போட வந்த இடத்தில், மூடிய சபைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்று கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் மூடினேன் போலிருக்கிறது.

"இன்னொரு குழு போட்டீங்கன்னா நான் இந்த மேசையைக் கவுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன். "ஆள் வரல, ஆள் வரலன்னு எட்டு வருஷமா உட்கார்ந்து பேசினோம். வந்த ஆளு ஆறு வருஷமா நம்ம முதுகைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கு. யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்தோமா? ஓட்டு எல்லாம் அப்புறம். நாலரை மணிக்கு அவங்க வீட்டுக்குப் போறோம். வராதவங்க இப்பவே சொல்லிடுங்க."

போதகருக்கு ஐந்து மணிக்கு மூன்றாவது சபையில் ஜெபக்கூட்டம் இருந்தது. அவர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, வேறு ஒருவரை நடத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஹெல்மெட்டை மேசைக்கு அடியில் வைத்தார்.

வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சமையல் மேடை, கட்டில், அதற்கு நடுவே ஐந்து பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு இடம். தரை துடைத்து இன்னும் ஈரமாக இருந்தது. நாற்காலிகள் மூன்றுதான் இருந்தன. அவற்றில் என்னையும் மாமாவையும் டீச்சரையும் உட்கார வைத்தார். போதகர் சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தார், பக்கத்தில் டாக்டர். உட்காரத் தெரியாமல் முதலில் முட்டி போட்டு, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் கட்டில் காலில் முதுகை ஒட்டிக்கொண்டார். டீ வந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு குடித்தோம். வழக்கமாக வீடு சந்திக்கப் போனால் நாங்கள்தான் கேள்வி கேட்போம். இங்கே அது தலைகீழானது.

அவர்தான் கேட்டார். "நிஜமாவே மூடப் போறீங்களா?"

டாக்டர்தான் பதில் சொன்னார். நிலைமையை விளக்கினார். வருகை குறைவது, கூரை ஒழுகுவது, போதகர் மூன்று இடத்துக்கு ஓடுவது, எல்லாம் உண்மைதான். அவர் கெட்டவர் இல்லை, நியாயமாகப் பேசுகிறவர். கடைசியில் சொன்னார்: "நீங்க வந்தது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்மா. ஆனா ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சபையை நடத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"ஒரே ஒரு ஆளுக்காகத்தான் நடத்தணும் டாக்டர்" என்றேன். "நானூறு பேருக்காக நடத்தத்தான் நமக்குத் தெரியல. ஒருத்தருக்காகவாவது நடத்திப் பார்ப்போமே." கத்தவேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். குரல் உடைந்து, கெஞ்சுவது மாதிரி வெளியே வந்தது. முப்பத்து நான்கு பேர் இருக்கும் சபைக்கு மூடுவிழாக் கடிதம் எழுதிய அதே வாய்தான் இது. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

போதகர் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு சரிப்படுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டார். எதற்கு என்று அவருக்கு உடனே புரியவில்லை. ஞானஸ்நானத்துக்கு, நம் ஆலயத்தில், காலை ஆராதனையில், சபை முழுக்க இருக்கும்போது என்றார் போதகர். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். குழுவில் யாரையும் எதிர்த்துப் பேசாத பிள்ளை அது.

"ஞானஸ்நானம் குடுத்துட்டு மறுவாரம் கதவைப் பூட்ட முடியாது டாக்டர். அப்புறம்தான் அவங்களுக்கு நாம வேணும்."

டாக்டர் டீ கோப்பையைத் தரையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்னைப் பார்த்து, திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அம்மா சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதகர் எழுந்து, ஜெபம் செய்யலாமா என்று கேட்டு, வழக்கம்போல் கையைத் தூக்கினார். அவர் ஆரம்பித்தால் இருபது நிமிடத்துக்குக் குறையாது.

"ஐயா, இன்னிக்கு நான் பண்ணட்டுமா?" என்றார் அந்த அம்மா. "உங்களுக்காக வீட்டுல தினமும் பண்றதுதான்."

கண்ணை மூடினோம். அவர் சாதாரணமாக, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவது போலப் பேசினார்.

"ஆண்டவரே, வந்துட்டாங்க. வாசல்ல நிக்கிற மாமாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது. யாருகிட்டயும் சொல்லாம விரலால தடவிப் பார்த்துத்தான் அட்டையைக் குடுக்கறாரு. அவரைப் பார்த்துக்கோங்க. டாக்டர் ஐயா, அவங்க வீட்டம்மா போனதிலேருந்து கடைசிப் பாட்டுக்கு வாயைத் தொறக்கறதே இல்ல. அந்தப் பாட்டை அவருக்குத் திருப்பிக் குடுங்க. டீச்சரம்மா விரல் வீங்கியிருக்கு, வலியோடதான் வாசிக்கிறாங்க. பாஸ்டர் ஐயா சாப்பிடாம வர்றாரு, பிரசங்கம் பண்ணும்போது கை நடுங்குது."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மாமா இரண்டு கைகளையும் மடியில் மறைத்துக்கொண்டிருந்தார். டாக்டரின் தோள் குலுங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து இந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், பெயர் பட்டியலில் இல்லாமலே ஆறு வருடமாக எங்களைச் சுமந்திருக்கிறார். சபை செத்துவிட்டது என்று நான் எழுதி வைத்திருந்தேன். அது உயிரோடு இருந்த இடத்தில் நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

"செயலாளரம்மா பிள்ளைங்களுக்காக ஜெபம் பண்ற நேரத்துல கண்ணைத் தொறந்துகிட்டு ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. யாரை நினைச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதைச் சரிபண்ணிக் குடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்க கோபத்தை மட்டும் எடுத்துடாதீங்க ஆண்டவரே. அது இல்லன்னா இவங்க யாரும் இன்னிக்கு எழுந்து வந்திருக்க மாட்டாங்க."

டாக்டர்தான் முதலில் சிரித்தார், அழுதுகொண்டே. பிறகு எல்லோரும் ஆமென் சொன்னோம். எங்கள் குழு ஐந்து பேரும் ஒரே குரலில் நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது.